கேள்வி – பதில்: கிளட்ச் முழுசாக விடவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் அளந்து பாருங்கள்

சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டும் வாசகர்களிடமிருந்து கிளட்ச் பற்றி நிறையக் கேள்விகள் வந்துள்ளன. அறிகுறி வேறுவேறாக இருந்தாலும் பெரும்பாலானவற்றில் அடிப்படைக் கோளாறு ஒன்றுதான்: பெடலில் கால் கொடுத்த அசைவு டிஸ்க் வரை போய்ச் சேரவில்லை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரை நகர்த்தும், ஸ்லேவ் ஃபோர்க் வழியாக ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி டயாஃப்ரம் ஸ்பிரிங்கை அமுக்கும். அப்போது பிரஷர் பிளேட் எழும்பி, அதற்கும் எஞ்சினின் ஃப்ளைவீலுக்கும் நடுவே இறுகியிருந்த டிஸ்க் விடுபடும். எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும், கியர்பாக்ஸ் இன்னொன்றிலிருந்தும், பெடல் பாக்ஸ் கிட்டோடும் வந்திருக்கும் காரில் இந்த அசைவுக் கணக்கைக் கட்டுபவர்தான் போட்டாக வேண்டும்.

கேள்வி: லோட்டஸ் செவன் பாணியில் நானே கட்டிய கார். எஞ்சின் ஓடாதபோது எல்லா கியரும் சுலபமாக விழுகிறது. ஸ்டார்ட் செய்துவிட்டால் ரிவர்ஸ் ‘கர்ர்’ என்று கத்துகிறது, முதல் கியரை அழுத்தித்தான் போட வேண்டியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் 5/8 அங்குலம், வெளியே மாட்டும் ஸ்லேவ் சிலிண்டர் 1 அங்குலம். ஆயில் லைனிலிருந்து ஏர் எடுத்து எடுத்துச் சலித்துப் போனேன். கியர்பாக்ஸை இறக்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் கோளாறு கிளட்ச்சில்தானா என்று உறுதி செய்யுங்கள். எஞ்சின் ஐடிலில் ஓட, நியூட்ரலில், பெடலை அடிவரை மிதித்து 10 விநாடி அப்படியே பிடித்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் நிஜமாகவே விட்டிருந்தால் அதற்குள் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சுற்றுவது நின்றிருக்கும், சத்தம் வராது. 10 விநாடி கழித்தும் கத்தினால் ஏதோ ஒன்று ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓட்டும்போது இரண்டாவதோ மூன்றாவதோ மட்டும் முரண்டு பிடித்தால் அது சின்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கோளாறு. அதற்கும் கிளட்ச்சுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது, எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்யும் சோதனை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. நான்காவது கியரில் போட்டு, ஒருவர் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்க, மற்றவர் புரோப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பார்க்கட்டும். ஒரு சக்கரத்தை மட்டும் திருப்பினால் டிஃபரன்ஷியல் மறு சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு ஏமாற்றிவிடும், ஆகவே ஷாஃப்ட்டையே பிடியுங்கள். எந்த இடத்தில் அது லேசாகத் திரும்பத் தொடங்குகிறதோ, அங்கே பெடலுக்கும் அடித்தளத்துக்கும் உள்ள இடைவெளியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 40, 50 மி.மீ. இருந்தால் நிம்மதி. 10 மி.மீ.தான் என்றால் கிளட்ச் விளிம்பில் நின்று வேலை செய்கிறது. சூடானால் அதுவும் போய்விடும்.

இனி கணக்கு. பெடல் 150 மி.மீ. போகிறது, பெடல் விகிதம் 6:1 என்று வைத்தால் மாஸ்டரின் புஷ்ராடு 25 மி.மீ. நகரும். 5/8 அங்குல மாஸ்டரின் பரப்பு 198 சதுர மி.மீ. ஆகவே தள்ளப்படும் ஆயில் ஏறக்குறைய 5 மி.லி. 1 அங்குல ஸ்லேவின் பரப்பு 507 சதுர மி.மீ. அங்கே கிடைக்கும் அசைவு 9.8 மி.மீ. ரிலீஸ் ஃபோர்க்கின் விகிதம் 1.5:1 என்றால் பேரிங் நகர்வது 6.5 மி.மீ. மட்டுமே. டயாஃப்ரம் கிளட்ச்சுகளில் பலவற்றுக்கு 8 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் தேவைப்படும். (உங்கள் கவரை, அதாவது பிரஷர் பிளேட்டும் டயாஃப்ரமும் அடங்கிய கிளட்ச் மூடியை, செய்தவர் கொடுத்திருக்கும் எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.) சொட்டு ஏர் இல்லாமல் எடுத்தாலும் இந்த ஜோடியால் கிளட்ச் விடாது. ஏர் எடுத்துச் சலித்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பற்றாக்குறை ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டயாஃப்ரம் ஸ்பிரிங் பேரிங்கின் அசைவை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைத்துத்தான் பிரஷர் பிளேட்டுக்குக் கொடுக்கிறது. பேரிங் 8 மி.மீ. நகர்ந்தால் பிளேட் எழும்புவது 2 மி.மீ.க்குள். அதிலும் முதல் பகுதி, டிஸ்கின் இரு லைனிங்குகளுக்கு நடுவே உள்ள அலை வடிவ ஸ்பிரிங் தகடு விரிவதிலேயே கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது இரண்டு பக்கமும் சேர்த்து 1 மி.மீ. அளவு காற்றிடைவெளி, பக்கத்துக்கு அரை மி.மீ. ஸ்லேவில் 3 மி.மீ. தொலைந்தால் பேரிங்கில் 2 போகும், பிளேட்டில் அரை மி.மீ. போகும். அதாவது இருக்கிற இடைவெளியில் பாதி!

தீர்வு இரண்டு. மாஸ்டரை 3/4 அங்குலமாக்கினால் (285 சதுர மி.மீ.) 7.1 மி.லி. ஆயில் போகும், ஸ்லேவ் 14 மி.மீ., பேரிங் 9.4 மி.மீ. நகரும். ஆனால் பெடல் 1.44 மடங்கு கனக்கும். மாஸ்டரை அப்படியே விட்டு ஸ்லேவை 7/8 அங்குலமாக்கினால் (388 சதுர மி.மீ.) ஸ்லேவ் 12.8, பேரிங் 8.5 மி.மீ. நகரும், பெடல் 1.31 மடங்குதான் கனக்கும். தேவையான அசைவு 8 மி.மீ. என்றால் இரண்டாவதே மேல். கால் குறைவாக வலிக்கும், டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை (பேரிங் அமுக்கும் நாக்குகளை) அளவுக்கு மீறி அமுக்கும் ஆபத்தும் குறைவு.

கேள்வி: என் காரில் 3/4 மாஸ்டர், 1 அங்குல ஸ்லேவ். கணக்குப்படி ஸ்லேவ் 14 மி.மீ. நகர வேண்டும், அளந்தால் 10.5தான். ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி இருக்குமே, எனக்குக் கெட்டியாகத்தான் இருக்கிறது. மீதி எங்கே போகிறது?

பதில்: தொலைந்த 3.5 மி.மீ. என்பது ஆயிலில் 1.8 மி.லி.; மாஸ்டர் பக்கம் பார்த்தால் 6 மி.மீ. புஷ்ராடு அசைவு. இவ்வளவும் ஒரே இடத்தில் போயிருக்காது. இரண்டு மூன்று இடத்தில் சிந்தியிருக்கும், ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம்.

முதல் சந்தேகம் ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் நடுவே உள்ள, மாஸ்டர் மாட்டிய தகடு) மீது. காலில் 15 கிலோ கொடுத்தால் 6:1 பெடல் மாஸ்டர் சிலிண்டரை 90 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். 1.5 மி.மீ. அலுமினியத் தகடோ ஃபைபர் கிளாஸோ அதைத் தாங்காது. ஒருவர் மிதிக்க, நீங்கள் சிலிண்டரின் ஃபிளாஞ்ச் மேல் டயல் கேஜை வையுங்கள். கேஜின் ஸ்டாண்டு சேசிஸ் குழாயில் நிற்க வேண்டும், அந்தத் தகட்டின் மேலேயே வைத்தால் இரண்டும் சேர்ந்து நகர்ந்து ஒன்றும் தெரியாது. கேஜ் இல்லையென்றால் சேசிஸில் கட்டிய கம்பி ஒன்றின் முனையை ஃபிளாஞ்சுக்கு ஒட்டி நிறுத்தி, மிதிக்கும்போது இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். 0.5 மி.மீ.க்கு மேல் நகர்ந்தாலே பலப்படுத்தத்தான் வேண்டும். 3 மி.மீ. ஸ்டீல் தகட்டை உள்பக்கம் கொடுத்து, அதைப் பெடல் பாக்ஸோடும் சேசிஸ் குழாயோடும் சேர்த்து போல்ட் செய்யுங்கள். பெடலின் பிவட்டும் மாஸ்டரும் ஒரே உறுதியான துண்டில் நிற்பதுதான் சரி. தகட்டை மட்டும் தடிமனாக்கி, பெடலைத் தனியே வேறிடத்தில் தொங்கவிட்டால் வளைவு வேறு வழியில் வரும்.

அடுத்தது புஷ்ராடு. பெடல் ஓய்வில் இருக்கும்போது ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 0.5 முதல் 1 மி.மீ. வரை விளையாட்டு (சும்மா ஆடும் இடைவெளி) வேண்டும். 2 மி.மீ. இருந்தால் பெடல் பேடில் 12 மி.மீ. சும்மா போகிறது. ராடைப் பெடலோடு சேர்க்கும் கிளெவிஸின் ஓட்டை தேய்ந்து அரை மி.மீ. ஆடினால் பேடில் இன்னொரு 3 மி.மீ. போச்சு. இவை தவிர, எந்த மாஸ்டரிலும் முதல் 1, 1.5 மி.மீ. அசைவு ரிசர்வாயருக்குப் போகும் வழியை மூடுவதிலேயே கழியும். அதைத் தவிர்க்க முடியாது, கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸை விரலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொல்லுங்கள், ஊதுவது கையிலேயே தெரியும். எஃகுப் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ் மாற்றினால் அந்த இழப்பு போய்விடும். கடைசியாக ஸ்லேவ் மாட்டிய பிராக்கெட். சொந்தமாக வெல்டு செய்த ஒற்றைத் தகடு பிராக்கெட் பின்னால் வளைவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மூலையில் முக்கோணத் தகடு ஒன்று வைத்துப் பற்றவைத்தால் போதும்.

கேள்வி: இரண்டு தடவை வேகமாக மிதித்தால் கியர் விழுகிறது, ஒரு தடவை மிதித்தால் விழுவதில்லை. ஸ்லேவின் பிளீட் நிப்பிள் (ஏர் எடுக்கத் திறக்கும் திருகு) கீழ்ப்பக்கமாக வந்துவிட்டது, பைப்பும் மாஸ்டருக்கு மேலே ஏறித்தான் இறங்குகிறது.

பதில்: கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நிப்பிள் கீழே இருந்தால் ஏர் மேல் மூலையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும், பைப்பின் மேடும் இன்னொரு பாக்கெட். பெடலை மிதிக்கும்போது லைனில் 30 பார் அளவு அழுத்தம் வரும். அந்த அழுத்தத்தில் 1 மி.லி. ஏர் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கும். சுருங்கிய அளவு ஆயில் ஸ்லேவுக்குப் போகாது. 1 அங்குல ஸ்லேவில் அது 1.9 மி.மீ. இழப்பு.

ஸ்லேவின் போல்ட்டைக் கழற்றி, பைப்போடு தொங்கவிட்டு, நிப்பிள் உச்சியில் வரும்படி திருப்பிப் பிடியுங்கள். பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். வெளியே நின்றால் அதன் பின்னால் உள்ள வெற்றிடத்தில் ஏர் தங்கும். பிறகு கீழிருந்து மேலே ஏற்றுங்கள்: ரிசர்வாயரிலிருந்து பாதி ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, 60 மி.லி. சிரிஞ்சில் புது பிரேக் ஆயில் நிரப்பி, டியூபை நிப்பிளில் மாட்டி, நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து மெதுவாகத் தள்ளுங்கள். குமிழி ரிசர்வாயரில் வந்து வெடிப்பது தெரியும். பெடலைத் தொடவே வேண்டாம். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து; கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்துக்கொள்ளுங்கள்.

பைப்பின் மேட்டை மாற்றியமைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. ஸ்லேவிலிருந்து மாஸ்டர் வரை தொடர்ந்து ஏறுமுகமாக இருக்க வேண்டும். ஏர் முழுக்கப் போன பின்னும் இரண்டாவது மிதியில்தான் விழுகிறது, முதல் மிதியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கார் மெல்ல ஊரத் தொடங்குகிறது என்றால் மாஸ்டரின் உள் சீல் போய்விட்டது. வெளியே ஒரு சொட்டும் கசியாது, ஆயில் சீலைத் தாண்டி ரிசர்வாயருக்கே திரும்பிக்கொண்டிருக்கும்.

கேள்வி: குளிர்ந்த எஞ்சினில் எல்லாம் சரி. அரை மணி நேரம் ஓட்டினால் கியர் கரகரக்கிறது, ஆறவிட்டால் சரியாகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்லேவை ஒட்டியே இறங்குகிறது.

பதில்: ஆயில் கொதிக்கிறது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் உறிஞ்சிய பின் அது 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கும் காரில், முதல் வருடம் ஊற்றிய ஆயில் ஓட்டத் தொடங்கும் நாளில் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். முழு ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 5.1 (260, 180) கலந்து ஊற்றலாம். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் டாட் 5 வேறு சரக்கு, அது சிலிக்கான். மற்றவற்றோடு கலக்கக் கூடாது, சூடானால் கூடுதலாக அமுங்கவும் செய்யும்.

அதோடு ஸ்லேவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே 1 மி.மீ. தகடு ஒன்றை இரண்டு பக்கமும் 10 மி.மீ. காற்று போகும் இடம் விட்டு நிறுத்துங்கள். தகட்டை ஸ்லேவின் மேலேயே ஒட்டினால் சூட்டை அதுவே கடத்திக் கொடுக்கும். எக்ஸாஸ்ட் பைப்பின் மேல் சுற்றும் துணிப்பட்டையைவிட இந்தத் தகடே நல்லது, பைப்பில் துரு பிடித்திருக்கிறதா என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: ஃபோர்டு டைப் 9 கியர்பாக்ஸ். கேபிளை எடுத்துவிட்டு, உள்ளேயே உட்காரும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் போட்டிருக்கிறேன். முதலில் நன்றாக விட்டது. இப்போது டாப் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் மட்டும் இரைகிறது, கார் வேகம் எடுக்கவில்லை. இதுவும் ரிலீஸ் கோளாறுதானா?

பதில்: ஆம், எதிர்ப்பக்கக் கோளாறு: பேரிங் முழுசாகத் திரும்பவில்லை. ஸ்லிப் ஆகும் நிலையிலேயே நிறுத்தி, நிப்பிளைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ஆயில் பீறிட்டு வந்து, அதன் பிறகு ஸ்லிப் போய்விட்டால் லைனில் அழுத்தம் சிக்கியிருக்கிறது. காரணம் பெரும்பாலும் மாஸ்டரில்: புஷ்ராடுக்கு விளையாட்டே இல்லாமல் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராவிட்டால் ரிசர்வாயருக்குத் திரும்பும் வழி மூடியே இருக்கும், ஆயில் சூட்டில் விரிந்து பேரிங்கைத் தள்ளும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டரைக் கிளட்ச்சுக்குப் பயன்படுத்தினாலும் இதே தொல்லைதான், அதன் உள்ளே 10 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கலாம். அதை எடுத்துவிடுங்கள்.

நிப்பிளைத் திறந்தும் ஸ்லிப் போகவில்லை என்றால், பேரிங் பின்னால் போக இடமில்லாமல் முட்டி நிற்கிறதா, அல்லது டிஸ்கில் ஆயில் பட்டதா, தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். டிஸ்க் 1 மி.மீ. தேய்ந்தால் டயாஃப்ரம் விரல்கள் 3, 4 மி.மீ. கியர்பாக்ஸ் பக்கமாக வரும். பேரிங்குக்குப் பின்னால் அந்த அளவு இடம் விடாமல் பொருத்தியிருந்தால், புதிதில் சரியாக ஓடி, லைனிங் படிந்ததும் ஸ்லிப் ஆகும். நீங்கள் சொல்வதும் அதுவே.

அளக்கும் முறை இது. கவரை முழு டார்க்கில் முடுக்கி, பெல் ஹவுசிங்கையும் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடும் கூடு) மாட்டியபின், கியர்பாக்ஸ் வந்து சேரும் முகத்தின் மேல் நேரான பட்டையை வைத்து அங்கிருந்து விரல் நுனி வரை ஆழம் எடுங்கள். இதை ‘அ’ என்போம். மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கம், பேரிங்கை முழுக்க உள்ளே அமுக்கி வைத்து, கியர்பாக்ஸின் முகத்திலிருந்து பேரிங்கின் நுனி வரை உயரம் ‘ஆ’. நடுவில் கேஸ்கெட்டோ இடைத்தகடோ வந்தால் அதன் தடிமனை ‘அ’வோடு கூட்டுங்கள். ‘அ’ 62.5, ‘ஆ’ 59 என்றால் இடைவெளி 3.5 மி.மீ. புது டிஸ்கோடு 3 முதல் 5 மி.மீ. வரை ஏற்கத்தக்கது, சாலையில் ஓட்டும் காருக்கு 5 பக்கமாக வைப்பது நல்லது, பேரிங்கைச் செய்தவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். கூடுதலாக இருந்தால் பேரிங்குக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுக்கலாம். குறைவாக இருந்தால் அடித்தள ஸ்பேசரைக் கடைசல் பிடித்துக் குறைக்க வேண்டும்.

மறு எல்லையையும் பாருங்கள். இடைவெளி 3.5, விடுவிக்கத் தேவை 9 என்றால் பேரிங் 12.5 மி.மீ. வெளியே வரும். அதன் மொத்த ஓட்டம் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையேல் பிஸ்டன் ஓரிங்கைத் தாண்டி வந்து ஆயிலை டிஸ்க் மேல் கொட்டும். ஆகவே பெடலுக்கு ஒரு ஸ்டாப் போல்ட் கட்டாயம். புரோப்பெல்லர் ஷாஃப்ட் சோதனையில் கிளட்ச் விடும் இடத்தைக் கண்டுபிடித்து, அதைத் தாண்டி பேடில் 20, 25 மி.மீ. மட்டும் போகும்படி ஸ்டாப்பை நிறுத்துங்கள். கியர்பாக்ஸை ஏற்றுவதற்கு முன் கசிவு பார்க்க நினைத்தால், பேரிங்கின் முன்னால் ஒரு தகட்டைப் போல்ட் செய்து தடுத்த பிறகே பெடலைத் தொடுங்கள்.

கேள்வி: மாஸ்டர், ஸ்லேவ், ஃபோர்க் எல்லா அளவும் கணக்குப்படி வருகிறது. ஃபயர்வால் அசையவில்லை. ஆனாலும் ரிவர்ஸ் கத்துகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறுவேறு கம்பெனி, நடுவில் அடாப்டர் தகடு.

பதில்: இனி கோளாறு பெல் ஹவுசிங்குக்குள். அங்கேயும் கழற்றாமல் ஒன்று பார்க்கலாம். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, பெடலை மிதித்த நிலையில் ஒரு கட்டையால் நிறுத்தி, ஃபோர்க் ஜன்னல் அல்லது பார்வைத் துளை வழியாக ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) டிஸ்குக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே விடுங்கள். ஃப்ளைவீலைத் திருப்பி நான்கு இடத்தில் பாருங்கள். எங்குமே கேஜ் நுழையாவிட்டால் ஃபோர்க் வளைந்திருக்கலாம், அதன் பந்து பிவட் குட்டையாக இருக்கலாம். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையாவிட்டால் கவர் கோணலாக இறுகியிருக்கிறது. கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று வீதம் முடுக்காமல் ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் இப்படி ஆகும். டிஸ்க் திருப்பிப் போடப்பட்டிருந்தால் அதன் நடு ஹப் ஃப்ளைவீல் போல்ட் தலைகளில் உரசும். ‘ஃப்ளைவீல் பக்கம்’ என்ற குறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சுற்றிலும் அரை மி.மீ. தாராளமாக இருந்தும் கியர் கத்தினால், அடாப்டர் போட்ட காரில் முதல் குற்றவாளி பைலட் புஷ். இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு கிராங்க்ஷாஃப்ட்டின் முனையில் உள்ள இந்தப் புஷ்ஷில்தான் நிற்கிறது. புஷ் இறுக்கமாக இருந்தால் டிஸ்க் விட்டாலும் கிராங்க் நேராகவே ஷாஃப்ட்டைச் சுற்றும். அடையாளம்: கியரில் போட்டுப் பெடலை மிதித்தால் கார் ஊராது, ஆனால் நியூட்ரலிலிருந்து ரிவர்ஸ் கத்தும். இழுப்பு அவ்வளவு லேசானது. வெண்கலப் புஷ்ஷை அடித்து உட்கார வைத்ததும் அதன் உள்விட்டம் சுருங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உட்கார வைத்த பிறகு அளந்து, மூக்குக்கு 0.03 முதல் 0.08 மி.மீ. வரை விளையாட்டு இருக்கும்படி ரீமர் போடுங்கள். எண்ணெய் ஊறிய புஷ்ஷுக்குக் கிரீஸ் வைக்காதீர்கள், நுண்துளை அடைபட்டுவிடும்.

நீளமும் முக்கியம். கிராங்க் துளையின் அடியில் களிமண் உருண்டை வைத்து, டிஸ்க் இல்லாமல் கியர்பாக்ஸைச் சேர்த்துப் பிரித்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனைப் பாருங்கள். 2 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். மூக்கு அடியில் முட்டும் காரில் போல்ட்டை முடுக்கி முடுக்கி இழுத்தால் கிராங்கின் த்ரஸ்ட் வாஷர் வீணாகும். கியர்பாக்ஸ் கையாலேயே முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

மையமும் பாருங்கள். கிராங்கில் டயல் கேஜை நிறுத்தி பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றிவர, கேஜின் மொத்த ஆட்டம் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மைய விலகல் அதில் பாதி. மிஞ்சினால் மையம் விலக்கிச் செய்த டவல் பின்கள் (பெல் ஹவுசிங்கை எஞ்சினில் இடம்பிசகாமல் நிறுத்தும் முளைகள்) 0.007, 0.014, 0.021 அங்குல அளவுகளில் கிடைக்கின்றன. விலகல் எவ்வளவோ அதற்கு நெருங்கிய அளவை வாங்கி, திருப்பித் திருப்பிப் பொருத்தலாம். கடைசியாக, இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்பிளைனில் (நீளவாட்டுப் பற்கள்) டிஸ்க் தன் எடையிலேயே வழுக்குகிறதா என்று பாருங்கள். மாலிப்டினம் கிரீஸை மெல்லப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு கிரீஸ் இருந்தால் அது லைனிங்குக்குப் பறந்துவிடும்.

கேள்வி: கேபிள் கிளட்ச். புதுக் கேபிள் சில நாளிலேயே இறுகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகியிருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கத்தில்கூட இல்லை.

பதில்: எஞ்சினுக்கு எர்த் வயர் இருக்கிறதா? எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் சேசிஸோடு மின்தொடர்பு இல்லை. எர்த் வயரை மறந்தாலோ, பெயின்ட் மேல் முடுக்கினாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரன்ட் கிடைத்த வழியில் திரும்பும். அந்த வழி கிளட்ச் கேபிள். ஹைட்ராலிக் காரில் அது எஃகுப் பின்னல் ஹோஸாகவும் இருக்கலாம், அங்கே விளைவு இன்னும் மோசம். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மற்றதைப் பேட்டரி மைனஸிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதாது. பேட்டரி வயருக்குச் சமமான தடிமனில் ஒன்றைப் பிளாக்கிலிருந்து, பெயின்ட்டைச் சுரண்டிய சேசிஸ் உலோகத்துக்குக் கொடுத்த பிறகு புதுக் கேபிளைப் போடுங்கள். முதலில் கேபிளை மாற்றினால் அதுவும் உருகும்.

கேள்வி: கட்டி முடித்து இரண்டு வருடம் ஷெட்டில் நின்ற கார். பெடல், ஸ்லேவ் எல்லாம் சரியாக நகர்கிறது, கிளட்ச் மட்டும் விடவே இல்லை.

பதில்: டிஸ்க் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெடலை அடிவரை அமுக்கி, சீட்டின் முன் விளிம்புக்கும் பெடலுக்கும் நடுவே கட்டை கொடுத்து ஓரிரவு விடுங்கள். பல காரில் இதுவே போதும். விடாவிட்டால், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். முன்னால் தடையில்லாத திறந்த இடத்தில், கார் தரையில் நிற்க, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரை ஒரு விநாடி தட்டுங்கள். ஸ்டாண்டின் மேல் வைத்து இதைச் செய்யக் கூடாது. விட்ட பிறகு பாதி கிளட்ச்சில் சில தடவை மெதுவாகக் கிளப்பினால் துரு வழித்துக்கொண்டு போய்விடும். அதன் பிறகும் கிளப்பும்போது கார் உதறினால் லைனிங்கில் ஒரு துண்டு ஃப்ளைவீலிலேயே ஒட்டி நின்றுவிட்டது என்று பொருள். டிஸ்கை மாற்றி, ஃப்ளைவீலின் முகத்தைச் சமப்படுத்த வேண்டும். படி வைத்த ஃப்ளைவீலாக இருந்தால் டிஸ்க் படும் முகத்தில் எவ்வளவு எடுக்கிறீர்களோ அதே அளவு கவர் உட்காரும் முகத்திலும் எடுக்கச் சொல்லுங்கள்.